கையில சென்சார், கால்ல புண்ணு

பட்டணத்துல இருக்கிற பிள்ளைங்க ஊர்ல இருக்கிற அப்பா அம்மாவுக்கு வாங்கி அனுப்புற சாமான் காலத்துக்குக் காலம் மாறும். ஒரு காலத்துல மிக்சி, அப்புறம் டச் போன், அப்புறம் வாசல்ல மாட்டுற கேமரா. இப்போ வந்திருக்கிறது சுகர் பாக்குற சென்சார். மேல்கையில ரூபா காசு அளவுக்கு ஒரு வில்லை ஒட்டிக்கணும். 14 நாள் அது இருக்கும். அம்மாவோட சுகர் எவ்வளவுன்னு ஓசூர்லயோ பெங்களூர்லயோ உக்காந்திருக்கிற மகன் போன்ல கோடு ஓடிக்கிட்டே இருக்கும். கோடு மேல ஏறுனா உடனே போன் அடிக்கும். “என்னம்மா சாப்ட்ட? மாம்பழமா?”

இதைக் கவனிப்புன்னு நீங்க நம்புறீங்க. எனக்கு இது கண்காணிப்பாத்தான் தெரியுது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஏரி அளவுக்குத் தூரம் இருக்குங்க. அந்தத் தூரத்தைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காட்டமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். மெஷினு வேண்டாம், பாட்டி வைத்தியமே போதும்னு சொல்ற ஆள் நான் இல்லை. என் போர் மோட்டாரை நான் போன்லதான் போடுறேன். ராத்திரி ரெண்டு மணிக்கு மும்முனை கரண்ட் வந்தா, படுத்த இடத்துலருந்தே ஒரு கால் அடிச்சா மோட்டார் ஓடும். பாம்பு, தேளுக்கு பயந்து டார்ச் எடுத்துக்கிட்டு வரப்புல நடந்த காலத்தை நெனச்சா அந்த ஸ்டார்ட்டரைக் கும்பிடலாம். ஆனா போர்ல தண்ணி இல்லைன்னா அந்த ஸ்டார்ட்டர் என்ன பண்ணும்? மோட்டாரை நிறுத்திட்டு நமக்கு ஒரு மெசேஜ் அனுப்பும், அவ்வளவுதான். தண்ணி கொண்டாந்து ஊத்தாது. சுகர் கருவியும் அப்படித்தான். 280-ன்னு சொல்லும். 280-ஐ 140-ஆ ஆக்குறதுக்கு வேற என்னென்னமோ வேணும். அந்த “வேற என்னென்னமோ”வைப் பத்தி யாரும் விளம்பரம் போடறதில்லை.

ஊர் நிலவரம் சொல்றேன். பாலக்கோட்டுல கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கு. ஆலையில சர்க்கரை உற்பத்தி கூடுதோ குறையுதோ, சுத்தி இருக்கிற ஊர்ல ஆளுங்க ரத்தத்துல சர்க்கரை கூடிக்கிட்டேதான் இருக்கு. “உழைக்கிறவனுக்கு சுகர் வராது”ன்னு இன்னும் சில பேர் எழுதுறாங்க. அவங்க மாரண்டஹள்ளிக்கு வந்து அரசு ஆஸ்பத்திரி மாத்திரை வரிசையில காலையில நின்னு பாக்கட்டும். களை எடுக்குற பொம்பளை, தேங்கா உரிக்கிறவர், தக்காளிப் பெட்டி தூக்குறவர் எல்லாரும் அந்த வரிசையில இருப்பாங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை டாக்டர் மோகன் அவர்களோட ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுக்க எடுத்த கணக்கு 2023-ல வெளியாச்சு. நாட்டுல 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய், 13.6 கோடி பேர் அதோட வாசப்படியில நிக்கிறாங்க. தமிழ்நாட்டுல பெரியவங்கள்ல நூத்துக்கு 14 பேருக்கு மேல.

இதைவிட எனக்கு உறைச்ச எண் வேற. 2020-ல தமிழ்நாட்டுல அரசு எடுத்த ஆய்வுல, சர்க்கரை உள்ளவங்கள்ல அது கட்டுக்குள்ள இருந்தது வெறும் 10.8 சதவீதம் பேருக்குத்தான். நூறு பேர்ல 89 பேருக்குக் கட்டுல இல்லை. இந்த 89 பேரும் மேல்கையில சென்சார் ஒட்டாததாலதான் இப்படி ஆனாங்களா? சொல்லுங்க.

எண் தெரிஞ்சா போதும், மனுஷன் தானா திருந்திடுவான்னு ஒரு நம்பிக்கை இந்தக் கருவி வியாபாரம் முழுக்க இருக்கு. அந்த நம்பிக்கையை அமெரிக்காவுலயே சோதிச்சுப் பாத்துட்டாங்க. வட கரோலினாவுல இன்சுலின் போடாத டைப் 2 நோயாளிங்க 450 பேரை மூணா பிரிச்சாங்க. ஒரு பகுதி வீட்ல சுகரே பாக்கலை. ரெண்டாவது பகுதி தினம் ஒரு தடவை பாத்தாங்க. மூணாவது பகுதி தினம் பாக்கும்போது கருவியே புத்திமதி மெசேஜும் கொடுத்துச்சு. ஒரு வருஷம் கழிச்சு மூணு மாச சராசரியைக் காட்டுற எச்.பி.ஏ.1.சி பரிசோதனை எடுத்தாங்க. மூணு பகுதிக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசமே இல்லை. 2017-ல வெளியான ஆய்வு இது. தினம் விரலைக் குத்திக்கிட்டது தான் மிச்சம்.

எங்களுக்கு இது புதுசு இல்லைங்க. 2015-ல மண்வள அட்டை கொடுத்தாங்க. தழை, மணி, சாம்பல், துத்தநாகம், போரான்னு வரிசையா எண் போட்டிருக்கும். அதை வாங்கின பல பேர் சாமி படத்துக்குப் பின்னாடி சொருகி வெச்சிருக்காங்க. எண் தப்புன்னு இல்லை. அந்த எண்ணைப் பாத்து உன் நெலத்துக்கு இந்த வருஷம் இதைப் போடு, இதைக் குறைன்னு வரப்புல நின்னு சொல்ல ஆளு வரலை. அதே விவசாயி பால் சொசைட்டியில எப்படி இருக்கான்னு பாருங்க. பால் ஊத்துன உடனே கொழுப்பு எவ்வளவு, இதர சத்து எவ்வளவுன்னு சீட்டு வரும். அந்த எண்ணுல புள்ளி குறைஞ்சா காசு குறையும். அதனால எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத கிழவி கூட அந்தச் சீட்டை வெச்சு சண்டை போடும், மறுநாள் தீவனத்தை மாத்தும். எண் வந்த கையோட அடுத்து என்ன செய்யணும்னு தெரிஞ்சா ஜனங்க அதைப் பிடிச்சுக்குவாங்க. தெரியலைன்னா சாமி படத்துக்குப் பின்னாடிதான்.

தொழில்நுட்பம் வேலை செஞ்ச கதை நம்ம தமிழ்நாட்டுலயே இருக்கு. ஆனா அது விளம்பரத்துல வராது, ஏன்னா அதுல விக்கிறதுக்கு ஒண்ணும் இல்லை.

சென்னை டாக்டர் ராமச்சந்திரன் குழு, சர்க்கரை வர்ற விளிம்புல இருந்த 537 ஆண்களை எடுத்துக்கிட்டாங்க. எல்லாரையும் முதல்ல நேர்ல உக்கார வெச்சு சாப்பாடு, நடை பத்தி சொன்னாங்க. அப்புறம் பாதிப் பேருக்கு மட்டும் சாதாரண எஸ்.எம்.எஸ். அனுப்பிக்கிட்டே இருந்தாங்க. ஸ்மார்ட்போன் கூட வேண்டாம், பட்டன் போன் போதும். ரெண்டு வருஷத்துல மெசேஜ் வராதவங்கள்ல 27 சதவீதம் பேருக்கு சர்க்கரை வந்துடுச்சு. மெசேஜ் வந்தவங்கள்ல 18 சதவீதம் பேருக்குத்தான். 2013-ல வெளியாச்சு. அமெரிக்காவுல மெசேஜ் பலிக்கலை, இங்க எப்படின்னு கேப்பீங்க. அங்க நோய் ஏற்கனவே வந்தவங்க, எண்ணைப் பாத்துட்டு மெஷினு பதில் சொல்லுச்சு. இங்க நோய் வர்றதுக்கு முன்னாடி, மனுஷன் நேர்ல சொன்னதை போன் ஞாபகப்படுத்துச்சு.

இன்னொண்ணு, சுணாம்பேடு. பழைய காஞ்சிபுரம் மாவட்டத்துல இருந்த ஊரு. 2006-ல அங்க 42 கிராமத்துக்கு இஸ்ரோ செயற்கைக்கோள் இணைப்போட ஒரு வேன் போச்சு. கண்ணைப் படம் எடுத்து சென்னைக்கு அனுப்பும். 23,000 பேருக்கு மேல பரிசோதனை பண்ணாங்க. அதோட விட்டிருந்தா அதுவும் ஒரு மண்வள அட்டைதான். அங்கயே ஒரு கிளினிக் வெச்சாங்க, உள்ளூர் ஆளுங்களையே பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுத்தாங்க. ஒரு வருஷத்துல நோயாளிங்களோட எச்.பி.ஏ.1.சி சராசரி 9.3-லருந்து 8.5-க்கு இறங்குச்சு. செயற்கைக்கோள் மேல இருந்தது உண்மை. வேலை நடந்தது கீழதான்.

மூணாவது நம்ம பக்கத்து வீட்டுக் கதை. 2021 ஆகஸ்ட் 5, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில மக்களைத் தேடி மருத்துவம் தொடங்குச்சு. மகளிர் குழுவுல இருந்து எடுத்த பொண்ணுங்க ஒரு பையை மாட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்து பிரஷர், சுகர் பாத்து, மாத்திரையைக் கையில கொடுத்துட்டுப் போறாங்க. 2024-ல ஐக்கிய நாடுகள் சபை அமைப்போட விருதும் கிடைச்சுது. அரசைப் பாராட்டுறதுக்கு நான் பதிவு எழுதுறவன் இல்லை, ஆனா இதுல விஷயம் இருக்கு. ஒரு நாள் கூலியை விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா பாதிப் பேர் மாத்திரையையே விட்டுடுவாங்க. அந்தப் பை வீட்டு வாசலுக்கு வர்றதுதான் எனக்குத் தெரிஞ்ச பெரிய சுகர் தொழில்நுட்பம். அதைத் தூக்கிட்டு வர்ற பொண்ணுக்குக் கொடுக்குறது சம்பளம் கூட இல்லை, ஊக்கத்தொகை. ஊர் முழுக்க இருக்கிற சர்க்கரை நோயாளிங்களைத் தாங்குற ஆளுக்கு ஒரு ஊக்கத்தொகை!

இப்போ நம்ம ஊரு நடைமுறைக்கு வர்றேன். கருவி பண்றவங்க யாரும் எங்க விரலைப் பாத்ததில்லை. நாப்பது வருஷம் மம்மட்டி பிடிச்ச விரல்ல ஊசி இறங்காது. நுனியில குத்தாம ஓரத்துல குத்தணும்னு சொல்ல ஆளு வேணும். மாங்கா சீசன்ல பழம் அறுத்த கையோட குத்திப் பாத்தா 350 காட்டும். அது ரத்தத்துல இருக்கிற சர்க்கரை இல்லை, விரல்ல ஒட்டுன மாம்பழச் சாறு. சோப்பு போட்டுக் கழுவித் தொடச்சுட்டுப் பாத்தா 160. அந்த 350-ஐ நம்பி ஒரு மாத்திரையைச் சேத்துப் போட்டுட்டு வெயில்ல களை எடுக்கப் போனா என்ன ஆகும்? ஸ்ட்ரிப் டப்பா மூடியைத் திறந்து போட்டு ஓட்டு வீட்டு வெக்கையில வெச்சா அதுவும் பொய் சொல்லும். ரத்தசோகை இருக்கிற பொம்பளைங்களுக்கு எச்.பி.ஏ.1.சி கூட மாத்திக் காட்டும். எங்க பக்கம் ரத்தசோகை இல்லாத பொம்பளை எத்தனை பேர்னு எண்ணிப் பாக்கணும்.

ஊர்ல நாங்க ரொம்பப் பயப்படுறது ஏறுன சுகருக்கு இல்லைங்க, திடீர்னு இறங்குற சுகருக்கு. காலையில கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரையைப் போட்டுக்கிட்டு, “ரெண்டு வரி முடிச்சுட்டு சாப்பிடலாம்”னு வேலையில இறங்குறாங்க. பதினோரு மணிக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண்ணு இருட்டுது. “வெயில் அடிச்சிருச்சு”ன்னு மரத்தடியில படுக்க வெச்சுடுவாங்க. அங்கதான் உயிரே போற ஆபத்து. 70-க்குக் கீழ இறங்குனா உடனே மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் கொடுக்கணும், பதினஞ்சு நிமிஷம் கழிச்சுத் திரும்பப் பாக்கணும், அப்புறம் சாப்பிட வைக்கணும். மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தக் கூடாது, 108-ஐக் கூப்பிடணும். இதைச் சொல்லிக் கொடுக்க எந்த ஆப்பும் வேண்டாம். களை எடுக்குற பத்து பேருக்கும் தெரிஞ்சா போதும். ஆனா இதை ஊர் ஊரா சொன்னது யாரு?

கால் விஷயம் இன்னும் மோசம். சர்க்கரை முத்திப் போனா பாதத்துல உணர்ச்சி போயிடும். கருவேல முள் ஏறுனா தெரியாது. சித்திரை வெயில்ல பாறையில நடந்தா கொப்புளம் வந்தது தெரியாது. சேத்துக்குள்ள நிக்கிற காலுங்க இது. புண்ணு வந்து, நாத்தம் அடிச்ச பிறகு தர்மபுரிக்குப் போனா விரலை எடுக்கணும், பாதத்தை எடுக்கணும்னு ஆகிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு நைலான் இழை போதும். பாதத்துல தொட்டு “தெரியுதா”ன்னு கேக்குற சோதனை, ரெண்டு நிமிஷ வேலை. எம்.சி.ஆர். செருப்பு ஒரு ஜோடி கொடுத்தா பாதி புண்ணு வராது. கையில ஒட்டுற சென்சார் கால்ல இருக்கிற முள்ளைக் காட்டாதுங்க.

விலைக்கு வருவோம். 14 நாள் சென்சார் ஒண்ணு நாலாயிரம், அஞ்சாயிரம் ஆகும். மாசத்துக்கு ரெண்டு. ஒரு பொம்பளை ஒரு மாசம் முழுக்கக் களை எடுத்தாலும் அதை வாங்குறது கஷ்டம். சாதா கருவியோட ஸ்ட்ரிப் கூட ஒண்ணு 15, 20 ரூபாய். அதனாலதான் எத்தனையோ வீட்ல மகன் வாங்கிக் கொடுத்த குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் தீந்து போய் பீரோவுல தூங்குது. கருவியை அன்பளிப்பா கொடுக்கலாம். ஸ்ட்ரிப்பு தீந்தா யாரு வாங்குறது?

இதே நேரத்துல பட்டணத்துல சர்க்கரையே இல்லாத ஆளுங்க அந்த சென்சாரை ஒட்டிக்கிட்டு, இட்லி சாப்ட்டா எவ்வளவு ஏறுது, தோசை சாப்ட்டா எவ்வளவு ஏறுதுன்னு படம் போடறாங்க. சாப்ட்டா சுகர் ஏறத்தானே செய்யும்! உங்க காசு, உங்க கை, நான் தடுக்க முடியாது. ஆனா அதை “விழிப்புணர்வு”ன்னு சொல்லாதீங்க. இன்னொரு கூட்டம் ஊசியே குத்தாம சுகர் காட்டும்னு வாட்ச்சும் மோதிரமும் விக்குது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில பகிரங்கமா எச்சரிச்சாங்க: தோலைத் துளைக்காம தானா சர்க்கரை அளக்குற எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் நாங்க அனுமதி கொடுக்கலைன்னு. அந்த வாட்ச்சு சொல்ற எண்ணை நம்பி ஒருத்தர் இன்சுலின் போட்டா உயிருக்கே ஆபத்து. அதை அப்பாவுக்குப் பொறந்தநாள் பரிசா அனுப்பாதீங்க, கையெடுத்துக் கும்பிடுறேன்.

அப்போ சென்சார் யாருக்கும் வேண்டாமான்னு கேட்டா, நிச்சயமா வேணும். டைப் 1 வந்த குழந்தைக்கு வேணும். தினம் நாலு ஊசி போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போற பிள்ளைக்கு ராத்திரி தூக்கத்துல சுகர் இறங்குனா அந்தக் கருவி எழுப்பும், தாய்க்காரி தூங்கலாம். இங்கிலாந்துல 2022-ல டைப் 1 உள்ள எல்லாருக்கும் இதைக் கொடுக்கணும்னு அவங்க மருத்துவ வழிகாட்டு அமைப்பே பரிந்துரை பண்ணியிருக்கு. நம்ம ஊர்ல அது யாருக்குத் தேவையோ அவங்களுக்குக் கிடைக்கலை, யாருக்குத் தேவை இல்லையோ அவங்க கையில மின்னுது. என் கோபம் கருவி மேல இல்லை, இந்த வரிசை மேலதான்.

ஆகவே கேக்குறதைத் தெளிவா கேக்குறேன். டைப் 1 பிள்ளைங்களுக்கு சென்சாரை அரசே கொடுக்கட்டும். இன்சுலின் போடுறவங்களுக்கும், சுகரை இறக்கிவிடுற மாத்திரை சாப்பிடுறவங்களுக்கும் மாசம் இத்தனை ஸ்ட்ரிப்னு மாத்திரை மாதிரியே ஆரம்ப சுகாதார நிலையத்துல கொடுக்கட்டும். மத்தவங்களுக்கு தினம் குத்திக்கிறது வேண்டாம், ஆறு மாசத்துக்கு ஒரு எச்.பி.ஏ.1.சி பரிசோதனை போதும். அதோட முடிவைத் தமிழ்ல, பெரிய எழுத்துல, “இதுக்கு நீங்க செய்ய வேண்டியது இது”ன்னு எழுதிக் கையில கொடுக்கணும். எடுத்த எண்ணெல்லாம் எங்கயோ கணினியில ஏறுது, நோயாளி கையில ஒரு சீட்டு கூட இல்லைங்கிற நிலைமை இருக்கக் கூடாது. உடம்பு அவங்களோடது, எண்ணும் அவங்களோடது. வருஷத்துக்கு ஒரு தடவை காலும் கண்ணும் பாக்கணும். கண் படத்தைக் கணினியே பாத்து சொல்ற தொழில்நுட்பத்துக்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில எடுத்த படங்களும் உதவியிருக்கு, 2016-லயே ஆய்வு வந்தாச்சு. அந்த மாதிரி கேமரா பாலக்கோட்டுக்கு வரட்டும், நானே மாலை போட்டு வரவேக்கிறேன். பை தூக்குற பொண்ணுங்களுக்கு சம்பளம்னு சொல்ற மாதிரி சம்பளம் கொடுக்கட்டும்.

சாப்பாட்டுக்கும் ஒரு வார்த்தை. 2023-லருந்து நம்ம மாவட்டத்துல ரேஷன்ல அரிசிக்குப் பதிலா ரெண்டு கிலோ கேழ்வரகு கொடுக்குறாங்க. நல்ல விஷயம். ஆனா கேழ்வரகுன்னாலே மருந்துன்னு நெனச்சு ரெண்டு பெரிய உருண்டை களியை முழுங்குனா அதுவும் சுகரை ஏத்தும். ஒரு உருண்டை களி, கூட கீரையும் காயும் பயறும். பக்கத்துல இருந்து அளவு சொல்றதுக்கு ஆப்பை விட மருமகதான் கெட்டிக்காரி.

கடைசியா பட்டணத்து நண்பர்களுக்கு. நோயாளி தன்னைத் தானே பாத்துக்கிறதுக்குப் பேருதான் சுயபராமரிப்பு. அம்மாவோட எண் அம்மாவுக்குப் புரியாம மகனுக்கு மட்டும் வந்தா அதுல “சுய” எங்க இருக்கு? “என்ன சாப்ட்ட”ன்னு போன்ல அதட்டுனா ரெண்டு நாள்ல அவங்க பொய் சொல்லக் கத்துக்குவாங்க. மூணாவது நாள் சென்சார் வேர்வையில கழண்டு விழுந்துடுச்சும்பாங்க. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது சென்சாருக்குப் பதிலா ஒரு பெட்டி ஸ்ட்ரிப்பும் நல்ல செருப்பும் வாங்கிட்டு வாங்க. அம்மாவை உக்கார வெச்சு, பாதத்தை மடியில எடுத்து வெச்சு, விரல் இடுக்கெல்லாம் வெளிச்சத்துல பாருங்க. என்ன மாத்திரை, எப்போ போடுறாங்க, போட்டுட்டு எத்தனை மணிக்கு சாப்பிடுறாங்கன்னு கேளுங்க. குத்திப் பாக்குறதை அவங்க கையாலயே செய்ய வைங்க, எண்ணை அவங்க வாயாலயே படிக்க வைங்க, இவ்வளவு வந்தா நீ என்னம்மா செய்வன்னு கேளுங்க.

அவங்க பதில் சரியா சொல்லிட்டா, நீங்க பெங்களூர்ல நிம்மதியா தூங்கலாம்.